100 வருஷப் பழைய ஐடியா, இன்றைய பாக்கெட் பிஸ்டல்: யார் இந்த ஜான் பிரவுனிங்?

இரண்டு பிஸ்டல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தயாரித்த மாடல் 1910. இன்னொன்று, 2018-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த சிக் சாவர் பி365. நடுவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளி.

அளந்து பார்த்தால் இரண்டுமே சுமார் 15 செ.மீ. நீளம்தான். பழசின் எடை சுமார் 590 கிராம், புதுசு சுமார் 500 கிராம். பழசின் மேகசினில் 7 தோட்டாக்கள், புதுசில் 10. மேல்பாகத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து விட்டால், இரண்டுமே ஒரே மாதிரிதான் அடுத்த சுடுதலுக்குத் தயாராகும்.

இதே 100 வருஷத்தில் போன், கார், கேமரா எல்லாம் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டன. கையடக்கத் துப்பாக்கி மட்டும் ஏன் அதே உருவத்தில் இருக்கிறது? பதில் தேடினால் ஒரே மனிதரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்து, பெல்ஜியத்தில் ஒரு தொழிற்சாலைக்குள்ளேயே உயிரை விட்ட ஜான் மோசஸ் பிரவுனிங். அவர் கண்டுபிடித்தது எப்படி வேலை செய்கிறது, இன்றைய பிஸ்டல்களில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அது யார் யார் பாக்கெட்டுக்குள் போனது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டறையில் வளர்ந்த பையன்

பிரவுனிங் பிறந்தது 1855 ஜனவரி 23. ஊர், யூட்டாவில் உள்ள ஆக்டன். அப்பா ஜோனதன் பிரவுனிங் துப்பாக்கி செய்பவர். மார்மன் சபையைச் சேர்ந்த அவர், சபையினரோடு மேற்கு நோக்கிப் பயணம் செய்து 1852-ல் ஆக்டனில் குடியேறினார். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். பெரிய வருமானம் எல்லாம் இல்லை. துப்பாக்கி ரிப்பேர்தான் முக்கியத் தொழில்.

ஜானுக்கு அந்தப் பட்டறைதான் விளையாட்டு மைதானம், பள்ளிக்கூடம் எல்லாம். சின்ன வயதிலேயே அங்கே எடுபிடி வேலைகளில் இறங்கிவிட்டார். குப்பையில் கிடந்த உதிரிப் பாகங்களை வைத்துச் சிறுவனாக இருக்கும்போதே ஒரு துப்பாக்கியைச் செய்தும் பார்த்துவிட்டார். பொறியியல் கல்லூரி வாசலை அவர் மிதித்ததே இல்லை. கடைசிவரை அவர் பாணி இதுதான்: முழு இயந்திரத்தையும் முதலில் மனதுக்குள் ஓடவிட்டுப் பார்ப்பார். பிறகு தோராயமாக ஒரு கோட்டோவியம். அதன் பிறகு நேராக இரும்பை வெட்ட ஆரம்பித்துவிடுவார்.

1879 அவர் வாழ்க்கையில் முக்கியமான வருஷம். அந்த வருஷம் அப்பா இறந்தார். அதே வருஷம் ரேச்சல் தெரசா சைல்டுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. அக்டோபரில் அவருடைய முதல் காப்புரிமையும் கைக்கு வந்தது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டாவைச் சுடும் ரைஃபிள் அது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஆக்டனிலேயே கையால் செய்து விற்க ஆரம்பித்தார்.

அந்த ரைஃபிள் ஒன்று எப்படியோ அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. 1883-ல் அந்த நிறுவனத்தின் டி.ஜி. பென்னட் ரயிலேறி ஆக்டனுக்கே வந்தார். 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த 19 வருஷம் பிரவுனிங் புதுப்புது வடிவமைப்புகளைச் செய்து கொடுக்க, வின்செஸ்டர் ஒவ்வொன்றையும் மொத்த விலைக்கு வாங்கிக்கொண்டே இருந்தது. அதில் பலவற்றைத் தயாரிக்கவே இல்லை. போட்டி நிறுவனங்கள் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக வாங்கி வைத்துக்கொண்டதுதான் அதிகம்.

புல் சாய்ந்தது, பொறி தட்டியது

1889 வாக்கில் ஆக்டனில் ஒரு துப்பாக்கி சுடும் போட்டி. சுடும் ஒவ்வொரு முறையும் குழலின் வாயிலிருந்து வெளியேறும் காற்று வேகத்தில், எதிரே இருந்த புல் பூண்டெல்லாம் விலகிச் சாய்வதை பிரவுனிங் கவனித்தார். அதை எத்தனையோ பேர் தினமும் பார்த்திருப்பார்கள். அவருக்கு மட்டும் ஒரு கேள்வி வந்தது: இவ்வளவு சக்தி சும்மா வெளியே போகிறதே, இதையே பிடித்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன?

அந்தக் கேள்வியிலிருந்து முதலில் பிறந்தது இயந்திரத் துப்பாக்கி. கோல்ட் நிறுவனம் 1895-ல் வெளியிட்ட மாடல் அது. துப்பாக்கி தன் சக்தியாலேயே தன்னை மறுபடி நிரப்பிக்கொள்ள முடியும் என்று தெரிந்த பிறகு, பிரவுனிங்கின் கவனம் கைத்துப்பாக்கி பக்கம் திரும்பியது.

அப்போது சந்தையில் ராஜா ரிவால்வர்தான். நடுவில் குண்டாக ஒரு உருளை, அதில் ஐந்து அல்லது ஆறு தோட்டா. நம்பகமானது, ஆனால் பாக்கெட்டில் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். ஜெர்மனியில் தானியங்கிப் பிஸ்டல்கள் வந்துவிட்டன என்றாலும், 1896-ல் வந்த மவுசர் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதையும் சட்டைக்குள் ஒளித்து வைக்க முடியாது.

பிரவுனிங் செய்த மாற்றத்தின் பெயர் ஸ்லைடு. இன்று எந்தப் படத்தில் பிஸ்டலைக் காட்டினாலும் ஹீரோ அதன் மேல்பாகத்தைச் 'சடக்' என்று இழுத்து விடுவார் இல்லையா, அதுதான் ஸ்லைடு. குழலுக்கு மேல் தொப்பி மாதிரி மூடியிருக்கும் ஒரு இரும்புப் பாகம். தோட்டா முன்னால் பாயும்போது அதன் எதிர்விசையில் ஸ்லைடு பின்னால் போகும். போகும்போதே காலியான தோட்டாக் கூட்டை வெளியே தள்ளிவிடும். ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் தள்ளும்போது, கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலுக்குள் ஏற்றிவிடும்.

கதவு, சுத்தியலை இழுத்து வைப்பது, காலிக்கூட்டை வெளியேற்றுவது என்று பல பாகங்கள் செய்த வேலையை ஒரே பாகம் செய்தது. பாகங்கள் குறைந்ததால் பிஸ்டல் தட்டையானது, சின்னதானது. 1897 ஏப்ரலில் அவருடைய பிஸ்டல் காப்புரிமைகள் வரிசையாக வந்தன.

சைக்கிளைத் தேடி வந்தவர் பிஸ்டலோடு போனார்

அதே 1897. பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டால் என்ற இடத்தில் எஃப்.என். தொழிற்சாலை இருந்தது. பெல்ஜிய ராணுவத்துக்கு மவுசர் ரைஃபிள் செய்து கொடுப்பதற்காக 1889-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். துப்பாக்கி ஆர்டர் குறைந்துவிட்டதால் சைக்கிள் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஹார்ட் பெர்க் என்ற தங்கள் அதிகாரியை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

அவர் போன ஊர் ஹார்ட்ஃபோர்ட். கோல்ட் நிறுவனம் இருக்கும் ஊரும் அதுதான். அங்கே பிரவுனிங்கைச் சந்தித்தார். சைக்கிள் விஷயம் பின்னால் போய்விட்டது. 7.65 மி.மீ. தோட்டா போடும் ஒரு சின்ன பிஸ்டல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அதே வருஷம் ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்த ஹார்ட் பெர்க்தான் பிறகு ரைட் சகோதரர்களின் விமானத்தை ஐரோப்பாவில் விற்க உதவியவர் என்பது தனிக்கதை.

எஃப்.என். மாடல் 1900 என்ற பெயரில் அந்தப் பிஸ்டல் விற்பனைக்கு வந்தது. ஸ்லைடு வைத்துத் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் பிஸ்டல் இதுதான். எடை 625 கிராம். பெல்ஜிய ராணுவம் வாங்கியது, போலீஸார் வாங்கினார்கள், பொதுமக்களும் வாங்கினார்கள். மொத்தம் சுமார் 7 லட்சம் பிஸ்டல்கள் தயாராகின. பிரெஞ்சு மொழியில் பிரவுனிங் என்ற சொல்லே தானியங்கிப் பிஸ்டலைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. நம்ம ஊரில் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்கிற மாதிரி.

வின்செஸ்டருடனான உறவு 1902-ல் முறிந்தது. தானாக நிரப்பிக்கொள்ளும் ஷாட்கன் ஒன்றைக் கொண்டுபோன பிரவுனிங், இந்த முறை மொத்த விலை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வேண்டும் என்று கேட்டார். பென்னட் மறுத்துவிட்டார். ரெமிங்டன் நிறுவனத்தின் கதவைத் தட்டப் போனார். சந்திப்பு நடக்க வேண்டிய நாளிலேயே அந்த நிறுவனத் தலைவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். நேராகக் கப்பலேறி பெல்ஜியம் போனார் பிரவுனிங். எஃப்.என். உடனே ஒப்புக்கொண்டது. ஆட்டோ 5 என்று பெயர் பெற்ற அந்த ஷாட்கன் 1990-கள் வரை தயாரிப்பில் இருந்தது. அதன்பிறகு பிரவுனிங்கின் வாழ்க்கை ஆக்டனுக்கும் ஹெர்ஸ்டாலுக்கும் இடையே மாறி மாறி ஓடியது.

பாக்கெட் சைஸ் எப்படி வந்தது?

அடுத்த பத்து வருஷத்தில் பிரவுனிங் செய்த மூன்று பிஸ்டல்களைப் பார்த்தால், இன்று காம்பாக்ட் பிஸ்டல் என்று சொல்லப்படும் வகையின் இலக்கணம் எப்படி உருவானது என்று புரியும்.

முதலாவது, 1903-ல் வந்த கோல்ட் பாக்கெட் ஹேமர்லெஸ். பெயரில் ஹேமர் இல்லை என்று இருக்கும். உண்மையில் ஹேமர் உண்டு, ஸ்லைடுக்குள் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். காரணம் ரொம்ப எளிமையானது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹேமர் பாக்கெட் துணியில் மாட்டிக்கொள்ளும். அதை மறைத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

இரண்டாவது, எஃப்.என். 1906-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 6.35 மி.மீ. குட்டிப் பிஸ்டல். நீளம் 11.4 செ.மீ. மட்டுமே. இன்றைய ஸ்மார்ட்போனைவிடச் சின்னது. கோட்டுக்குள் போடும் வெஸ்ட்டின் பாக்கெட்டிலேயே அடங்கிவிடும். இதே வடிவமைப்பை அமெரிக்காவில் 1908 முதல் கோல்ட் விற்றது. எஃப்.என். மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் தயாரித்தது. இதில் இன்னொரு மாற்றம்: ஹேமரையே எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கால் நேராகப் பாயும் ஊசியை வைத்தார். அதற்குப் பெயர் ஸ்டிரைக்கர். இன்றைய கிளாக்கும் பி365-ம் இதே வகையில் வரும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆரம்பத்தில் பார்த்த மாடல் 1910. அதுவரை ஸ்பிரிங்குக்குக் குழலுக்கு மேலோ கீழோ தனி இடம் தேவைப்பட்டது. இதில் குழலைச் சுற்றியே ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார். ஒரு அடுக்கு குறைந்ததால் பிஸ்டல் இன்னும் ஒல்லியானது.

பாக்கெட்டுக்குள் வந்த அரசியல்

ஒரு கருவி சின்னதாகி, மலிவாகி, நம்பகமாகும்போது அது யார் கைக்கெல்லாம் போகும் என்பதைக் கண்டுபிடித்தவர் தீர்மானிக்க முடியாது. பிரவுனிங் பிஸ்டல்களின் கதையில் இது ரொம்ப சீக்கிரமே நடந்தது.

1904 ஜூன். ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில், கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவை யூஜன் ஷாவ்மன் சுட்டார். கையில் எஃப்.என். மாடல் 1900. 1909 அக்டோபர். மஞ்சூரியாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமியைக் கொரியாவின் ஆன் ஜுங் கியுன் சுட்டுக் கொன்றார். அதுவும் மாடல் 1900 தான்.

1911 ஜூன் 17. இடம் நமக்குத் தெரிந்த இடம். மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தபோது வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல்தான். ஆக்டன் பட்டறையில் தொடங்கிய ஒரு யோசனை, லியேஜ் வழியாக மணியாச்சி பிளாட்ஃபாரம் வரை வந்து சேர்ந்திருந்தது.

மூன்று வருஷம் கழித்து, 1914 ஜூன் 28. சாரயேவோ. ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் சுட்டார். கையில் மாடல் 1910. சில வாரங்களில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. அந்த ஒரு பிஸ்டல் இல்லாவிட்டால் போரே வந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய நாடுகள் ஏற்கெனவே முறைத்துக்கொண்டுதான் நின்றன. ஆனால் ஒரு பள்ளி மாணவன் யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நிற்க முடிந்ததற்கு, அந்தப் பிஸ்டலின் ஒல்லியான உடம்புதான் காரணம்.

இதில் ஒரு விநோதம் உண்டு. அதே 1914-ன் தொடக்கத்தில்தான் பெல்ஜிய மன்னர் முதலாம் ஆல்பர்ட், பிரவுனிங்குக்கு லியோபோல்டு விருதை அளித்துக் கௌரவித்தார். எஃப்.என். செய்த பிரவுனிங் பிஸ்டல்களின் எண்ணிக்கை அதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட்டில் ஜெர்மன் படைகள் நுழைந்தபோது, முதலில் அடி வாங்கிய நகரங்களில் லியேஜும் ஒன்று.

6,000 தோட்டாக்கள், ஒரு பழுதும் இல்லை

பாக்கெட் பிஸ்டல்கள் ஒருபக்கம் இருக்க, அமெரிக்க ராணுவத்துக்குப் பெரிய பிஸ்டல் தேவைப்பட்டது. பெரிய தோட்டா என்றால் இன்னொரு சிக்கல் வரும். சின்னப் பிஸ்டல்களில் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிவிசையைத் தாங்கும். சின்னத் தோட்டாவுக்கு அது போதும். சக்தி வாய்ந்த தோட்டாவை அப்படித் தாங்க வேண்டுமென்றால் ஸ்லைடு தாங்க முடியாத கனத்துக்குப் போய்விடும்.

பிரவுனிங் கண்டுபிடித்த வழி இது: சுடும் நேரத்தில் குழலையும் ஸ்லைடையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுவது. இரண்டும் சேர்ந்து சில மில்லிமீட்டர் பின்னால் போகும். தோட்டா வெளியேறி அழுத்தம் குறைந்ததும் குழலின் பின்பகுதி கீழே இறங்கி, பூட்டு விடுபடும். பிறகு ஸ்லைடு மட்டும் தனியாகப் பின்னால் போகும். இதனால் ஸ்லைடு கனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

1911 மார்ச்சில் இறுதிச் சோதனை நடந்தது. இரண்டு நாளில் 6,000 தோட்டாக்கள். பிஸ்டல் தொட முடியாத அளவு சூடானால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். பிரவுனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் பலமுறை சிக்கிக்கொண்டது. அதே மாத இறுதியில் அமெரிக்க ராணுவம் மாடல் 1911-ஐ ஏற்றுக்கொண்டது. 1985 வரை, 70 வருஷத்துக்கும் மேலாக அதுதான் அவர்களின் அதிகாரபூர்வ பிஸ்டல்.

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, பிரவுனிங்கின் இயந்திரத் துப்பாக்கியும், பி.ஏ.ஆர். என்ற தானியங்கி ரைஃபிளும் ராணுவத்துக்குத் தேவைப்பட்டன. அரசு 7.5 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ராயல்டி கணக்கு போட்டிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். வின்செஸ்டரிடம் ராயல்டிக்காக உறவையே முறித்தவர், இந்த முறை பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். அவருடைய மகன் வால், அந்த ரைஃபிளோடு பிரான்ஸ் போர்முனைக்கே போனார்.

பட்டறையிலேயே முடிந்த வாழ்க்கை

1920-களில் பிரான்ஸ் ராணுவம் அதிகத் தோட்டா கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டலைத் தேடியது. 60 வயதைக் கடந்த பிரவுனிங் அதற்கான வேலையில் இறங்கினார். ஆனால் ஒரு வினோதமான முட்டுக்கட்டை. மாடல் 1911-ன் காப்புரிமைகளை அவர் ஏற்கெனவே கோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். தன் சொந்தக் கண்டுபிடிப்பையே தான் பயன்படுத்த முடியாத நிலை. சுற்றுவழியில் வேறொரு அமைப்பை உருவாக்க வேண்டியிருந்தது.

1926 நவம்பர் 26. ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது அவருக்கு நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டது. மகன் வாலின் அலுவலக அறைக்குள் போனார். அங்கேயே இதயம் நின்றுவிட்டது. வயது 71. பெயரில் 128 காப்புரிமைகள். ராணுவ மரியாதையோடு உடல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆக்டனில் அடக்கம் செய்யப்பட்டது.

பாதியில் நின்ற பிஸ்டலை முடித்தவர் எஃப்.என். வடிவமைப்பாளர் டியூடோனே சேவ். ஒரே வரிசையாக அடுக்காமல், தோட்டாக்களை முன்பின்னாக இரட்டை வரிசையில் அடுக்கும் மேகசின் அவருடைய பங்களிப்பு. கோல்ட்டிடம் இருந்த காப்புரிமைகள் காலாவதியானதும், மாடல் 1911-ன் நல்ல அம்சங்களையும் உள்ளே கொண்டுவந்தார். 1935-ல் ஹை பவர் என்ற பெயரில் வெளியான அதில் 13 தோட்டாக்கள். இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியம் ஜெர்மனி வசம் போனதும் அவர்கள் ஹெர்ஸ்டாலில் அதைத் தயாரித்தார்கள். நேச நாடுகளுக்காகக் கனடாவில் தயாரித்தார்கள். ஆக, இரண்டு தரப்பும் ஒரே பிஸ்டலை வைத்துச் சுட்டுக்கொண்டன.

சரி, பழசுக்கும் புதுசுக்கும் என்னதான் வித்தியாசம்?

இப்போது மாடல் 1910-ஐயும் பி365-ஐயும் மறுபடி எடுத்து ஒப்பிடலாம்.

தோட்டா: பழசில் 7.65 மி.மீ., அதாவது அமெரிக்கர்கள் .32 ஏ.சி.பி. என்று சொல்வது. புதுசில் 9 மி.மீ. பாராபெல்லம். இதன் ஆற்றல் பழசைப் போல இரண்டரை மடங்கு அளவில் இருக்கும். அதே சைஸில் இது எப்படிச் சாத்தியம்? சுடும் நேரத்தில் பூட்டிக்கொண்டு, பிறகு குழல் சாய்ந்து விடுபடும் அமைப்பு இப்போது பாக்கெட் சைஸுக்கே இறங்கி வந்துவிட்டது. 1911-ல் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்ட ராணுவப் பிஸ்டலில் பிரவுனிங் வைத்த யோசனை, இன்று அரை கிலோவுக்குள் அடங்கியிருக்கிறது.

பொருள்: பழசு முழுக்க இரும்பு. 1980-களின் தொடக்கத்தில் கிளாக் 17 வந்த பிறகு, உடல்பகுதி பாலிமர் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறியது. எடை குறைந்தது, துருப்பிடிக்கும் தொல்லையும் குறைந்தது.

கொள்ளளவு: சேவின் இரட்டை வரிசை யோசனையை, கைப்பிடி தடிக்காத மாதிரி நெருக்கி அடுக்கியதுதான் பி365-ன் பெரிய சாதனை. மூன்று வருஷம் முன்னால், 2015-ல் வந்த கிளாக் 43 ஏறக்குறைய அதே சைஸ்தான். அதன் மேகசினில் 6 தோட்டாக்கள்தான் போகும்.

பாதுகாப்பு: மாடல் 1910-ல் மூன்று விதப் பூட்டுகள் இருந்தன. கைவிரலால் போடும் பூட்டு, பிடியை அழுத்தினால்தான் விடுபடும் பூட்டு, மேகசினைக் கழற்றினால் சுடாத பூட்டு. அந்தக் காலத்துக்கு அது அதிகம்தான். ஆனால் டிரிகரை அழுத்தும்வரை ஊசியை உள்ளேயே தடுத்து வைக்கும் அமைப்பு அப்போது இல்லை. இன்று பெரும்பாலான பிஸ்டல்களில் அது உண்டு. கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காமல் இருக்க இதுதான் முக்கியம். அதனால்தான் பழைய பிஸ்டலைக் குழலில் தோட்டா ஏற்றிய நிலையில் வைத்திருப்பது ஆபத்து என்கிறார்கள்.

குறி பார்ப்பது: பழசில் குறி பார்க்கும் மேடு, கவனித்துப் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரியும். புதுசில் இருட்டிலும் ஒளிரும் புள்ளிகள் உண்டு.

கையில் உணர்வது: இதில் மட்டும் பழசு ஜெயிக்கும். கனமான இரும்பு, மென்மையான தோட்டா என்பதால் கையில் உதைப்பு குறைவு. லேசான உடம்பில் வலுவான தோட்டாவை வைத்த புதுசு, மணிக்கட்டை நன்றாகவே உதறும். சின்னதாக்கியதற்குக் கொடுக்கும் விலை அது.

ஆக, புதிதாக வந்தவை பெரும்பாலும் பொருள், உற்பத்தித் துல்லியம், பாதுகாப்பு. ஸ்லைடு, ஸ்டிரைக்கர், சாயும் குழல், இந்த மூன்றும் பிரவுனிங் காலத்தில் நிலைபெற்றவை. அடிப்படைக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த விடையைவிட எளிமையான விடை இதுவரை கிடைக்காததால்தான் உருவம் மாறவில்லை.

இந்தியாவில் பிரவுனிங்

இந்திய ராணுவத்தின் பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாரானது. அது ஹை பவரின் இந்திய வடிவம்தான்.

பொதுமக்கள் விஷயம் வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் கிடைத்தாலும் 9 மி.மீ. பாராபெல்லம் சாதாரண குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. அனுமதிக்கப்பட்ட வகையில் .32 உண்டு. அரசுத் தொழிற்சாலைகளே .32 பிஸ்டல்களைச் செய்து உரிமதாரர்களுக்கு விற்கின்றன. 1890-களின் கடைசியில் தன் முதல் பாக்கெட் பிஸ்டலுக்காக பிரவுனிங் வடிவமைத்த அதே தோட்டாதான் இது. உலகச் சந்தையில் அது ஏறக்குறைய பழசாகிவிட்டது. இந்தியாவில் சட்டம் அதை உயிரோடு வைத்திருக்கிறது.

இன்று பிரவுனிங்கைப் பார்க்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஆக்டனில், பழைய யூனியன் ரயில் நிலையக் கட்டடத்தில் அவர் பெயரிலேயே ஒரு அருங்காட்சியகம். ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் என்று அவர் வடிவமைத்தவை அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒரு ரிப்பேர் கடைக்காரரின் மகன் எவ்வளவு தூரம் போனார் என்பதை அவை சொல்லும்.

இன்னொன்று வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம். அங்கே சாரயேவோவில் இளவரசர் பயணம் செய்த கார் நிற்கிறது. அவர் அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த சீருடை கண்ணாடிக்குள் இருக்கிறது. கூடவே, 19074 என்று எண் பொறித்த ஒரு சின்னப் பிஸ்டலும்.